எண்டர்பிரைசும் எனோலா கேயும்: ஓர் அருங்காட்சியகம் தரும் பாடம்

ஒரு நாடு எதனைத் தன் மரபுடைமையாகக் கருதுகிறது என்பதை அறிய, அதன் அருங்காட்சியகத்தில் உள்ள பொருள்களைக் காண்பது மட்டும் போதாது. அப்பொருள்களின் அருகே நிற்கும் விளக்கப் பலகைகளில் எழுதப்பட்டது எது, எழுதாமல் விடப்பட்டது எது என்பதையும் நோக்க வேண்டும். வாஷிங்டன் நகரில் 1976ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானமும், அப்பல்லோ 11 வீரர்களைப் புவிக்குத் திருப்பிக் கொணர்ந்த கொலம்பியா கலமும் அங்கே உள்ளன. அவற்றோடு, என்றுமே பறந்திராத ஒரு கலமும் இடம்பெற்றது. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் பயன்பட்ட எண்டர்பிரைஸ் விண்கலத்தின் மாதிரியே அது. பதினோரு அடி நீளமுள்ள அம்மாதிரி 1974இல் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது. 1992இல் அத்தொடரைப் பற்றிய தனிக் கண்காட்சியே அங்கு நடைபெற்றது.

புனைகதை மீதான இந்த ஆர்வம் அரசின் முடிவையும் மாற்றியதுண்டு. அமெரிக்காவின் முதல் விண்ணோடத்திற்கு முதலில் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற பெயரே எண்ணப்பட்டிருந்தது. தொடரின் சுவைஞர்கள் வெள்ளை மாளிகைக்கு ஆயிரக்கணக்கில் மடல் எழுதினர். 1976 செப்டம்பர் 17ஆம் நாள் அவ்விண்ணோடம் ‘எண்டர்பிரைஸ்’ என்னும் பெயருடன் வெளிவந்தபோது, தொடரின் நடிகர்களும் விழாவில் நின்றனர். வளிமண்டலச் சோதனைகளுக்கு மட்டுமே பயன்பட்ட அவ்வோடம் விண்வெளிக்குச் சென்றதே இல்லை. ஆயினும் அது தேசியச் செல்வமாகப் போற்றிக் காக்கப்பட்டது.

கற்பனைக் கலத்தை ஒருமனதாக வரவேற்ற அதே நாட்டில், அதே அருங்காட்சியகம் உண்மையான ஒரு விமானத்தைக் காட்சிக்கு வைக்க முற்பட்டபோது பெரும் புயல் எழுந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா மீது அணுகுண்டை வீசிய பி-29 வகை விமானமே அது. அதன் தலைமை விமானி பால் திபெட்ஸ் தம் தாயின் பெயரான ‘எனோலா கே’ என்பதை அதற்குச் சூட்டியிருந்தார்.

போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு, அவ்விமானத்தின் முற்பகுதியை மையமாகக் கொண்ட கண்காட்சி ஒன்று திட்டமிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் வானியற்பியல் அறிஞர். அவர்தம் குழுவினர், குண்டு வீசும் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது, குண்டின் கீழே இருந்தோர்க்கு நேர்ந்தது என்ன, அதன்பின் உலகம் அணுவாயுதப் போட்டிக்குள் நுழைந்தது எப்படி என்னும் மூன்றையும் சொல்ல விழைந்தனர். ஹிரோஷிமாவிலிருந்து கடனாகப் பெற எண்ணிய பொருள்களுள் பள்ளி மாணவி ஒருத்தியின் மதிய உணவுப் பெட்டியும் ஒன்று. அதனுள்ளிருந்த உணவு கரியாகியிருந்தது.

1994இல் வான்படைச் சங்கமும் முன்னாள் படைவீரர் அமைப்புகளும் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க மேலவை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்க வீரர்கள் மாண்டோ காயமுற்றோ இருப்பர் என்ற மதிப்பீட்டை அருங்காட்சியகம் 1995 ஜனவரியில் 63,000ஆகக் குறைக்க முனைந்தபோது, எஞ்சியிருந்த இணக்கமும் முறிந்தது. ஜனவரி 30ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது. மே மாதம் ஹார்விட் பதவி விலகினார். ஜூன் மாதம் திறக்கப்பட்ட எளிய கண்காட்சியில் விமானம் இருந்தது. உணவுப் பெட்டி இல்லை.

எதிர்த்தோர் அனைவரையும் உண்மைக்கு அஞ்சியவர்கள் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. முதல் வரைவு ஆசியாவில் ஜப்பானியப் படை இழைத்த கொடுமைகளுக்குப் போதிய இடம் தரவில்லை என்று அவர்கள் கூறினர். இதனை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் எளிதில் உணரலாம். 1942 முதல் மூன்றரை ஆண்டுகள் இம்மண் ஜப்பானிய ஆட்சியில் துன்புற்றது. தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். திரும்பாதோர் மிகப் பலர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த செய்தி இங்கு விடுதலைச் செய்தியாகவே வந்தது. ஆனால் அவ்வாண்டு இறுதிக்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனர் என்பதும் உண்மையே. நம் முன்னோரின் துயரைச் சொல்வதால் அம்மாணவியின் துயர் பொய்யாகிவிடாது. அவளைப் பற்றிப் பேசுவதால் நம் முன்னோர் சிறுமைப்படுவதுமில்லை.

இரண்டையும் ஒருங்கே சொல்ல இயலுமா என்ற வினாவிற்கு அதே அருங்காட்சியகத்தில் விடை இருந்தது. அங்கு நிற்கும் ஜெர்மானிய வி-2 ஏவுகணை, சந்திரனுக்குச் சென்ற ஏவூர்திகளின் மூதாதை. அதன் பிறப்பிலும் புனைகதை கலந்துள்ளது. 1929இல் வெளிவந்த, நிலாப் பயணத்தைப் பற்றிய ‘நிலவில் பெண்’ என்னும் ஜெர்மன் திரைப்படத்தின் சின்னம், 1942 அக்டோபர் 3ஆம் நாள் முதன்முதல் வெற்றியுடன் பாய்ந்த ஏவுகணையில் தீட்டப்பட்டிருந்தது. ஆனால் அவ்வேவுகணைகள் பின்னர் மிட்டல்பாவ்-டோரா முகாம் கைதிகளின் உழைப்பால் நிலத்தடிச் சுரங்கங்களில் செய்யப்பட்டன. அம்முகாம் தொகுதியில் அடைபட்ட ஏறத்தாழ 60,000 பேருள் மூன்றில் ஒரு பங்கினர் உயிரிழந்தனர். நெடுங்காலம் விண்வெளி வெற்றியின் முன்னோடியாக மட்டுமே காட்டப்பட்ட வி-2இன் காட்சி 1990இல் மாற்றி அமைக்கப்பட்டது. கைதிகளின் துயரும் குண்டுவீச்சில் இறந்தோர் கதையும் அதில் சேர்ந்தன. அப்போது பெரும்புயல் எதுவும் எழவில்லை. அது பகைநாட்டின் ஆயுதம். எனோலா கேயோ தம் நாட்டின் பெருமை. பிறர் குற்றத்தைக் கேட்கும் செவி, தம் பெருமையின் மறுபக்கத்தைக் கேட்க மறுத்தது.

2003 டிசம்பரில் அருங்காட்சியகத்தின் புதிய கிளை வர்ஜீனியாவில் திறக்கப்பட்டது. முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட எனோலா கேயும் எண்டர்பிரைஸ் விண்ணோடமும் அவ்வளாகத்திலேயே சேர்ந்திருந்தன; 2012இல்தான் எண்டர்பிரைஸ் நியூயார்க்குக்குச் சென்றது. எனோலா கேயின் விளக்கப் பலகை அதன் தொழில்நுட்பச் சிறப்பையும், அது ஹிரோஷிமாமீது குண்டு வீசியதையும் கூறியது. மாண்டோர் எத்தனை பேர் என்று கூறவில்லை.

கற்பனைக் கலத்தை நேசிப்பது எளிது. அதனால் எவரும் இறந்ததில்லை. வரலாற்றுப் பொருளை நேசிப்பதற்கு அதன் விலையையும் அறிந்திருக்க வேண்டும். மாணவர்களின் விண்வெளி ஆர்வத்தைத் தணித்துவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். ஏவூர்தியைக் கண்டு வியக்கும் மாணவனிடம், இதைச் செய்தவர்கள் யார், இதனால் அழிந்தவர்கள் யார், இப்பலகையை எழுதியவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பக் கற்றுத்தர வேண்டும். அவ்வினாக்களை அந்நிய நாட்டுப் பெருமைகளிடம் மட்டுமன்றி நம் பெருமைகளிடமும் அவன் கேட்கும் நாளில்தான் நாம் வரலாறு கற்பித்தவர்கள் ஆவோம்.