ஃப்ரிட்ஜ் அம்மாக்களும் ஒரு கேமராவும்

1949-ல் லியோ கேனர் எழுதிய ஒரு கட்டுரையில் ஓர் உவமை வருகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் உறைபனி உருகாத ஃப்ரிட்ஜுக்குள் விடப்பட்டவர்களைப் போல வளர்கிறார்கள் என்பது அதன் சாரம். கேனர் சாதாரண ஆள் இல்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மனநல மருத்துவர். 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதன் வரையறை தொடங்குகிறது. அந்த முதல் கட்டுரையின் முடிவில், இது பிறவியிலேயே வருவது என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் பெற்றோர்களிடம் கதகதப்பு குறைவு என்றும் சேர்த்து எழுதியிருந்தார். உலகம் முதல் வரியை மறந்துவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

அப்படிப் பிறந்ததுதான் 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்ற வசைச்சொல். சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் அதை ஒரு கோட்பாடாகவே கட்டினார். நாஜி வதைமுகாம்களில் அடைபட்டுப் பிழைத்தவர் அவர். முகாமில் நம்பிக்கை இழந்த கைதிகளின் நிலையையும் இந்தக் குழந்தைகளின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1967-ல் வந்த அவருடைய புத்தகம் பெரிய வெற்றி. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்ற பேச்சு அப்போது சகஜம். ஒரு அம்மாவின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பிள்ளை பேசவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. உதவி கேட்டுப் போனால், 'காரணமே நீங்கதாம்மா' என்கிறார் டாக்டர்.

இந்தக் கட்டுரை, அந்த அம்மாவின் கைக்கு ஒரு கேமரா வந்து சேர்ந்த வரலாறு. சில ஆய்வுகளும் சில பெற்றோர்களின் பிடிவாதமும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின.

முதல் பிடிவாதக்காரர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக வேலை பார்த்தவர். மகன் மார்க்குக்கு ஆட்டிசம். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, அம்மாக்கள் மேல் பழி போட எந்த ஆதாரமும் இல்லை என்று 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? கேனரேதான். மறு ஆண்டு ரிம்லாண்டும் மற்ற பெற்றோர்களும் சேர்ந்து தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1969-ல் அந்தச் சங்கத்தின் கூட்டத்திலேயே கேனர் வந்து, பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். குற்றமே செய்யாதவர்களுக்கு விடுதலை. அதற்கு இருபது வருஷம்.

பழி நீங்கினால் மட்டும் போதுமா? பெற்றோருக்கு ஒரு வேலையும் தரவேண்டுமே. லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஐவர் லோவாஸ் நடத்திய சிகிச்சையின் பின்தொடர் ஆய்வு 1973-ல் வெளிவந்தது. அதன் ஒரு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிகிச்சை முடிந்து விடுதிகளுக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதை இழந்துவிட்டார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பியவர்கள் இழக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளரும் ராபர்ட் ரைக்லரும் பெற்றோரை 'இணைச் சிகிச்சையாளர்' என்றே அழைத்தார்கள். 1972-ல் அந்த மாகாணத்தின் சட்டமன்றம் அவர்களுடைய முறையை மாகாணம் முழுவதற்குமான திட்டமாக ஏற்றது. ஷாப்ளர் படித்ததும் பெட்டல்ஹைம் கோலோச்சிய அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான்.

இனி கேமரா பக்கம் வருவோம். அது வந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா நர்சரிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் பார்த்த குழந்தைகள், அப்படியே தாங்களும் அடித்தார்கள். 1963-ல் அதையே படமாகக் காட்டினார். நேரில் பார்த்தவர்களுக்குக் குறையாமல் படத்தில் பார்த்தவர்களும் அடித்தார்கள். டிவி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்கள் இன்றுவரை இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அதே முடிவைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம். அடிப்பதைத் திரையிலிருந்து கற்க முடியும் என்றால், பல் தேய்ப்பதையும் கற்க முடியும்தானே?

1970-ல் தாமஸ் க்ரீர், டொனால்ட் மிக்லிச் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். ஆஸ்துமாவுக்காக ஒரு நிலையத்தில் தங்கியிருந்த சிறுவனை, நல்லபடி நடந்துகொள்வதுபோல நடிக்கவைத்துப் படம் பிடித்து, அதை அவனுக்கே போட்டுக் காட்டினார்கள். மாதிரி வேறு யாரும் இல்லை, அவனேதான். பிறகு பீட்டர் டௌரிக் இந்த யோசனையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். உதவி செய்யும் கையை வெட்டி, தடுமாறிய இடத்தை வெட்டி, மிச்சத்தை ஒட்டினால், குழந்தை இன்னும் தனியாகச் செய்யாத ஒன்றைத் தனியாகச் செய்து முடிப்பதாகப் படம் வரும். நாளைக்குச் செய்யப்போவதை இன்றைக்கே பார்த்துவிடுவது. எடிட்டிங் என்பதற்கு இதைவிடக் கருணையான ஒரு பயன்பாடு எனக்குத் தெரியாது.

ஆட்டிசத்துக்குள் வீடியோ வந்தது 1980-களின் இறுதியில். வீட்டு வீடியோ டேப் பரவிய காலம் அது. 1987-ல் ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்குக் கடையில் பொருள் வாங்கக் கற்றுக்கொடுக்க வீடியோவைச் சேர்த்தார்கள். 1989-ல் மார்ஜரி சார்லப்பும் ஜேனிஸ் மில்ஸ்டீனும் மூன்று சிறுவர்களுக்கு உரையாடக் கற்றுக்கொடுத்தார்கள். 2000-ல் சார்லப்பின் குழு ஐந்து குழந்தைகளிடம் நேரில் செய்துகாட்டுவதையும் வீடியோவில் காட்டுவதையும் ஒப்பிட்டது. தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறன்களும் அதில் அடக்கம். வீடியோ வேகமாக வேலை செய்தது. 2007-ல் இப்படிப்பட்ட 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், இது நம்பகமான முறை என்ற முடிவுதான் வந்தது.

ஏன் வேலை செய்கிறது? ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் எளிமையானவை. திரை சின்னது, பார்க்கவேண்டியது மட்டும் அதில் இருக்கும். எதிரில் ஒரு முகம் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்காது. நூறாவது தடவையும் அதே வேகம், அதே குரல். அலுத்துக்கொள்ளாத ஆசிரியர்.

இதில் எனக்கு ஒரு தொழில்முறை ஆர்வமும் உண்டு. மென்பொருள் எழுதுகிறவன் நான். ஒரு வேலையை உடைத்து உடைத்துப் படிகளாக்குவதுதான் என் பிழைப்பு. ஒருநாள் பல் தேய்ப்பதை அப்படி எழுதிப் பார்த்தேன். பிரஷ்ஷை எடு, பேஸ்ட் மூடியைத் திற, பட்டாணி அளவு பிதுக்கு... பிதுக்குவதற்குள் இடது கையில் இருப்பது எது, வலது கையில் இருப்பது எது? திறந்த மூடியை எங்கே வைப்பது? எந்தப் பக்கம் முதலில்? எவ்வளவு நேரம்? எப்போது துப்புவது? இருபது படிகளைத் தாண்டிவிட்டது, இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை. நமக்கு இதெல்லாம் எப்போது வந்தது என்று ஞாபகமே இல்லை. பார்த்தோம், வந்துவிட்டது. அப்படி வந்துவிடாத ஒரு குழந்தைக்கு, இந்தப் படிகளை யாராவது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். சிறப்புக் கல்வியில் இதற்கு டாஸ்க் அனலிசிஸ் என்று பெயர். அந்தப் பட்டியல்தான் வீடியோவுக்குத் திரைக்கதை.

பெற்றோர் எடுக்கும் வீடியோவின் இலக்கணமும் இதிலிருந்து வருவதுதான். ஒரு வீடியோவில் ஒரே வேலை. ஒன்றிரண்டு நிமிஷம் போதும். அந்த வீட்டுக் குழாய், அந்த வீட்டு மக், குழந்தையின் சொந்த பிரஷ். பின்னணியில் டிவியோ விருந்தாளியோ வேண்டாம். கேமராவைத் தோளுக்கு மேலே பிடித்தால் கைகள் மட்டும் தெரியும். குழந்தை தன் கண்ணால் பார்ப்பதும் அதைத்தானே? 2002-ல் மூன்று குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட கோணத்திலிருந்தே வீட்டு வேலைகள் கற்பிக்கப்பட்டன. பார்த்த கையோடு செய்யவிட வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு வீடியோவை மெல்ல மெல்ல விலக்க வேண்டும். இல்லையென்றால் போன் இருந்தால்தான் பல் தேய்ப்பேன் என்று ஆகிவிடும். எல்லாக் குழந்தைக்கும் இது பிடிபடும் என்றும் இல்லை. திரையைச் சிறிது நேரம் கவனிக்கவும் பார்த்ததைத் திருப்பிச் செய்யவும் ஓரளவாவது வரவேண்டும்.

வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. கழிவறைப் பழக்கத்தை எப்படிப் படம் பிடிப்பது? 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் டெப் கீனும் அவருடைய சகாக்களும் அதற்குக் கார்ட்டூன் படத்தைப் பயன்படுத்தினார்கள். எந்தக் குழந்தையின் உடம்பும் திரையில் இல்லை. படத்தையும் பார்த்துப் பயிற்சி பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாகக் கழிவறையைப் பயன்படுத்தினார்கள். அன்றைக்கு வீடியோ என்றால் அலமாரியில் இருக்கும் ஒரு டேப். இன்றைக்கு அது ஒரு தட்டலில் ஊருக்கே போய்விடும். குளிக்கும் குழந்தையின் படம் குழந்தையுடையது, அம்மாவுடையதோ அப்பாவுடையதோ அல்ல. 'வேண்டாம்' என்று வாயால் சொல்ல முடியாத குழந்தைக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 1990-களிலிருந்து எழுப்பிவரும் கேள்வியும் இங்கே வந்தாக வேண்டும். நீங்கள் எங்களுக்குக் கற்றுத்தருவது திறனா, நடிப்பா? ஜிம் சின்க்ளேர் 1993-லேயே பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பேசினார். லோவாஸின் ஆரம்பகாலச் சிகிச்சையில் அறையும் மின் அதிர்ச்சியும்கூட இருந்தன. கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று குழந்தையை ஊருக்கு ஏற்றபடி வளைக்கவும் இதே வீடியோவைப் பயன்படுத்த முடியும். கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, கையில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியவேண்டும். என்னைக் கேட்டால் அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்தத் திறன் வந்தால் யாருக்கு நிம்மதி? கையை ஆட்டாமல் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. தானே கழுவிக்கொள்ள வந்தால் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிப்பது என்பது சுத்தம் மட்டும் இல்லை, தன் உடம்பை வேறு யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற உரிமையும்கூட.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசினால் ஒரு கேள்வி வந்தே தீரும்: 'எனக்கப்புறம் இவனை யார் பாத்துப்பா?' இதற்கு எந்த ஆய்விலும் முழுப் பதில் இல்லை. அதற்கு அரசும் சமூகமும் சட்டமும் வேண்டும். ஆனால் பட்டன் போடும் ஒன்றரை நிமிஷ வீடியோ அந்தக் கேள்வியின் எடையைப் பட்டன் அளவுக்குக் குறைக்கிறது. அடுத்தது செருப்பு, அதற்கடுத்தது தலை சீவுவது.

ஒரு காலத்தில் அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பினார்கள். இன்று அந்த அம்மா, குளியலறைக் கதவோரம் போனைச் சாய்த்து வைத்து, சோப்பை எந்தக் கையில் பிடிப்பது என்று இரண்டாம் தடவை யோசித்துவிட்டுப் பதிவு பட்டனை அழுத்துகிறார்.