கூத்தனின் இரண்டு கடன்கள்

திம்புள்ளத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒருநாள் சம்பளம். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய உழைப்புக்குக் கணக்கு. மலையகக் கூத்துக் கலைஞனின் வரலாற்றை இந்தச் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் தேயிலை இம்மலைகளை மூடியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றைத் தம்மோடு கொண்டுவந்தனர்.

தாயகத்தில் நாடகம் பிழைப்பாகவும் வளர்ந்தது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் நடிப்பையே தொழிலாகப் பயின்றனர். தோட்டத்துக் கூத்தனுக்கு அந்த வழி இருக்கவில்லை. காமன் கூத்துக்கு டிக்கெட் கிடையாது. செலவு லயத்து மக்களின் வரிப்பணம், வேஷம் நேர்த்திக்கடன். மாசி இரவில் விடிய விடிய ரதியாகப் புலம்பிய ஆண், விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேர் இல்லை.

அவன் தலையில் வேறொரு கடனும் இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதி அவனையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. அச்சட்டம் பகலுக்கே விலை வைத்தது. கூத்தாடிய இரவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நடிகன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கேட்பது நாடக வரலாற்றின் வழக்கம். இங்கே அவன் எத்தனை பேரை இழந்து ஆடினான் என்றே கேட்க வேண்டும்.