தாம்பரம் வட்டார நீர்வளம்

தாம்பரத்தில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. மேற்குப் பக்கத்து நீர் முடிச்சூர் வழியாக அடையாற்றில் சேர்கிறது. கிழக்குப் பக்கத்து நீர் சேலையூர், செம்பாக்கம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. இங்கே நிலத்தடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. இப்பாறைக்குள் நீர் எளிதில் புகாது. மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் தங்கும். அதனால் ஒரு மனையில் ஆழ்துளைக் கிணறு நன்றாக ஊறும். பக்கத்து மனையில் புழுதிதான் வரும். திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான கடலோர மணல் வேறு ரகம்: மழை உடனே இறங்கும், அளவுமீறி இறைத்தால் உப்பேறும். 2015 டிசம்பரில் முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியது. மாறாக, 2019 கோடையில் புறநகரெங்கும் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பு. மழையளவை மட்டும் பார்த்து இங்கே நீர்வளத்தைக் கணக்கிடுவது வீண்வேலை.