ஆழத்தின் கணக்கு

கடலடியில் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிப்பவனுடைய தேகத்தில் கரைந்து சேரும் நைட்ரஜன், அவன் அவசரமாக மேலேறினால் குமிழிகளாகப் பிரிந்து கீல்களை முடக்கும், சில சமயம் பிராணனையே வாங்கும் என்பதை பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-ல் விளக்கினார். அதற்குப் பரிகாரமாக, அழுத்த அறையில் வெள்ளாடுகளை வைத்துப் பரிசோதித்த உடலியல் அறிஞர் ஹால்டேன், பிரிட்டிஷ் கடற்படையின் பொருட்டு, நின்று நின்று ஏறும் அட்டவணைகளை 1908-ல் சகாக்களுடன் வெளியிட்டார். எத்தனை உயிர்களைக் காத்த அட்டவணைகள் அவை!

1983-ல் 'எட்ஜ்' என்னும் மின்னணுக் கருவி தோன்றி, ஆழத்தையும் நேரத்தையும் கணந்தோறும் அளந்து, எங்கே எவ்வளவு நேரம் நின்று ஏறவேண்டும் என்னும் கணக்கை நீருக்குள்ளேயே போடத் தொடங்கிய பின்னரும், அதன் விலை சாமானியருக்கு எட்டாததாக இருந்தமையால், கைப்பணம் குறைந்தோர் பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்ட அட்டவணையையும் ஆழமானியையும் கைக்கடிகாரத்தையுமே நெடுங்காலம் நம்பி முக்குளித்தனர். அந்தக் கணக்கு இன்று மலிவான கருவியிலும் குறைவின்றி நடைபெறுவதால், வண்ணத் திரைக்காக அதிகப் பணம் கொடுப்பது அவசியமென்று எனக்குத் தோன்றவில்லை.