பழைய இழைப்புளியும் புதிய ஆப்பும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் ஏட்டில் ஏறியவை. ஏட்டில் ஏறாத எளிய மக்களின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்கள் கையாண்ட கருவிகளில் தேடலாம். அத்தகைய கருவி ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம். தச்சர் பலகையை வழவழப்பாக்கப் பயன்படுத்தும் இழைப்புளியே அது.

மர இழைப்புளியின் அமைப்பு எளியது. நீண்ட கட்டை ஒன்று. அதில் சாய்வாகக் குடைந்த துளை. துளையினுள் கூரிய இரும்பு அலகு. அலகை அசையாது இறுக்கிப் பிடிக்க ஒரு மர ஆப்பு. அலகின் முனை கட்டையின் அடியிலுள்ள வாய் வழியாக மயிரிழை அளவே வெளியே நீளும். கட்டையைத் தள்ளும்போது மரம் மெல்லிய சுருளாகச் சீவப்பட்டு மேலே வரும்.

இக்கருவி மிகப் பழமையானது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெயி நகரில் ரோமானியரின் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. 1545-இல் கடலில் மூழ்கி, 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலிலும் தச்சர்களின் இழைப்புளிகள் இருந்தன.

இரும்பு துருப்பிடித்தேனும் நிற்கும். மரமோ எளிதில் பழுதுபடும். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தேய்மானம். அடிப்பாகம் பலகையோடு உராய்ந்து தேயத் தேய, தச்சர் அதைச் சமப்படுத்துவார். துளை மேல்நோக்கி அகன்று செல்வதால், ஒவ்வொரு முறையும் வாய் சற்று அகன்றுவிடும். அகன்ற வாயுடைய இழைப்புளி மரத்தை வழவழப்பாகச் சீவாது; பிய்த்துவிடும். இரண்டாவது, ஈரப்பதம். மரம் குறுக்குவாட்டில் சுருங்கவும் விரியவும் செய்யும். மூன்றாவது, அடி. அலகைக் கழற்றுவதற்காக ஆப்பின் தலையைச் சுத்தியலால் தட்டுவார்கள். நாளடைவில் அத்தலை உடையும். சில சமயம் ஆப்பே தொலைந்துபோகும்.

ஆகவே, பழைய இழைப்புளிகளுக்குப் புதிய ஆப்பும் புதிய கைப்பிடியும் செய்வது இன்றும் தேவைப்படுகிறது. அதை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதை அறியுமுன், ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் ரெந்தம் என்னும் ஊரில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்பவர் இழைப்புளிகள் செய்துவந்தார். அவரிடம் சீசர் செலோர் என்னும் கறுப்பின இளைஞர் அடிமையாக இருந்தார். அங்கே அவர் தொழிலைக் கசடறக் கற்றார். 1753-இல் நிக்கல்சன் காலமானார். அவருடைய உயில் செலோருக்கு விடுதலை அளித்தது. அத்துடன் வேலைமேசை, கருவிகள், பத்து ஏக்கர் நிலம், தொழிலுக்கு வேண்டிய மரம் ஆகியவற்றையும் வழங்கியது. அதன்பின் செலோர் தம் சொந்தப் பெயரில் இழைப்புளிகள் செய்தார். கட்டையின் முன்முகத்தில் தம் பெயரையும் ஊரையும் அச்சுப் பொறித்தார். 1784-இல் அவர் மறைந்தார். வட அமெரிக்காவில் ஆவணச் சான்றுடன் அறியப்படும் முதல் கறுப்பினக் கருவி செய்வோர் அவரே.

சிந்தித்துப் பாருங்கள். பிறருடைய உடைமையாக எண்ணப்பட்ட ஒரு மனிதர், தாம் செய்த பொருளின்மீது தம் பெயரைப் பொறித்தார். அவர் பெயரைத் தாங்கிய அக்கட்டைகள் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன. அத்தகைய கட்டை ஒன்று ஆப்பின்றி நம் கைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? அழுக்காக இருக்கிறதே என்று முன்முகத்தை உப்புத்தாளால் தேய்த்தால், ஒரு நிமிடத்தில் அந்தப் பெயர் மறைந்துவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த சான்று அத்துடன் அழியும்.

எனவே பழுது பார்ப்பதற்கும் நெறிமுறை உண்டு. முதலில், கட்டை எந்த மரத்தால் ஆனது என்று அறிய வேண்டும். அப்பகுதியின் முற்கால இழைப்புளிகள் பெரும்பாலும் பர்ச் மரத்தால் ஆனவை; பிற்காலத்தில் பீச் மரம் பெருகியது. புதிய ஆப்பிற்கும் அதே இன மரத்தை, நன்கு உலர்ந்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மர இழை ஆப்பின் நீளப்போக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அடிக்கும்போது முறிந்துவிடும். ஆப்பு, மேலே மட்டும் இறுகிக் கீழே தளர்ந்திருந்தால் அலகு அதிரும். சீவல் இடையில் சிக்கும். அகலம் மிகுந்தால் கட்டையின் பக்கங்கள் பிளக்கும். ஆகையால் சிறிது சிறிதாகச் செதுக்கி, பலமுறை பொருத்திப் பார்ப்பதே முறை.

ஆப்பின் தலை வடிவம் செய்தவருக்குச் செய்தவர் மாறும். அதைக் கொண்டே யார் செய்தது என்று ஆய்வாளர் கண்டறிவதும் உண்டு. ஆதலால், அதே கைவினைஞரின் வேறொரு கருவியைப் பார்த்தே புதிய ஆப்பின் வடிவத்தை அமைக்க வேண்டும். பிறகு, வெளியே தெரியாத பக்கத்தில் அதைச் செய்த ஆண்டைக் குறித்து வைக்க வேண்டும். உடைந்த பழைய துண்டையும் பத்திரப்படுத்த வேண்டும். இல்லையேல், இன்று செய்த ஆப்பை நாளை வருவோர் செலோரின் கைவேலை என்று நம்பிவிடுவர்.

தீசியசின் கப்பலை ஏதென்சு மக்கள் பாதுகாத்து, உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிப் புதுப்பித்தனர் என்று புளூட்டார்க் கூறுகிறார். எல்லாப் பலகைகளும் மாறியபின் அது பழைய கப்பல்தானா என்று தத்துவ அறிஞர் வாதிட்டனர். நம் இழைப்புளியைப் பற்றியும் அவ்வாறு கேட்கலாம். என் விடை இது: ஆப்பு மாறலாம், கைப்பிடி மாறலாம், மாறியது எது, மாறாதது எது என்று உண்மையாகக் குறித்துவைத்திருந்தால் அது பழைய கருவியே.

மாணவர்களே, உங்கள் இல்லங்களிலும் முன்னோர் கையாண்ட பழங்கருவிகள் இருக்கலாம். அவற்றைத் துடைக்குமுன், ஏதேனும் பெயரோ அடையாளமோ பொறிக்கப்பட்டுள்ளதா என்று ஒளியில் சாய்த்துப் பாருங்கள். இருந்தால் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.