மைலாய்: பாட்டும் நாவலும்

வெகுசனக் கலைகள் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தன எனப் பொதுப்படக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1968 மார்ச் 16இல் மைலாயில் அமெரிக்கப் படையினர் நிராயுதபாணிகளான கிராமத்தவரைக் கொன்றொழித்தனர். மாண்டோர் 504 பேர் என்பது வியட்நாமியக் கணக்கு. 1971 மார்ச்சில் லெப்ரினன்ற் வில்லியம் கலி, 22 பேரைக் கொலைசெய்த குற்றவாளியாகக் காணப்பட்டான். அவனைக் கடமை தவறாத வீரனாகச் சித்திரித்த பாடலொன்றின் இசைத்தட்டுகள் பத்து இலட்சத்துக்குமேல் விற்பனையாயின. முந்திய ஆண்டில் எட்வின் ஸ்ரார் பாடிய யுத்த எதிர்ப்புப் பாடலை முதலிடத்துக்கு உயர்த்தியதும் இதே சந்தைதான். சந்தைக்கு இரண்டும் பண்டங்களே.

புனைகதையை நோக்குமிடத்து நிலைமை சற்றுச் சிக்கலானது. மைலாய் அமைந்த குவாங் நாய் மாகாணத்தில் பின்னர் போர்வீரராயிருந்த ரிம் ஓ'பிறையன், 1994இல் வெளியிட்ட 'இன் த லேக் ஒஃப் த வூட்ஸ்' நாவலில் அப்படுகொலையை மறைக்காது எழுதினார். நேர்மையான படைப்பு, ஐயமில்லை. எனினும் அங்கு சிதைவது கொலையில் பங்குகொண்டவனின் மனமும் மணவாழ்வுமே. கிராமத்தவர் அவன் நினைவில் வந்துபோகும் நிழல்களாகின்றனர்.

வென்றோர் தரப்பையும் நாம் விலக்கலாகாது. வட வியட்நாமியப் படையில் போரிட்ட பாவோ நின்னின் 'போரின் துயரம்' நாவலுக்கு 1991இல் அந்நாட்டு எழுத்தாளர் சங்கம் பரிசளித்தது. விரைவிலேயே, வெற்றியைச் சிறுமைப்படுத்துகிறதென்று அது கண்டிக்கப்பட்டது. விடுதலைப் போரின் நியாயத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அக்கண்டனத்தோடு நாம் உடன்படுவதற்கில்லை. 1969இல் தன் பற்றாலியன் அழிந்த காட்டுக்கு, தோழரின் எலும்புகளைத் தேடிக் கதாநாயகன் கியென் மீள்வதோடு தொடங்கும் அந்நாவல், ஏகாதிபத்தியம் விளைத்த அழிவுக்குமான சாட்சியமன்றோ?