நெல்லி மரத்தடியில் பிறந்த ஊர்

1400-ஐ ஒட்டி வேட்டைக்கு வந்த இளவரசர் பரமேசுவரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளியதாம். அந்த மரத்தின் பெயரே மலாக்கா ஊருக்கு வாய்த்தது என்கிறது மலாய் மரபு. அந்த மரம் நம் நெல்லி.

நெல்லிக்கனியில் வைட்டமின் சி ஏராளம். மலாயா ரப்பர்த் தோட்டத்து லயங்களில் கட்டிக் கிடந்த ஆடுகளுக்கு அது தேவைப்படவில்லை. ஆட்டின் ஈரலே அதைத் தயாரித்துவிடும். மலாயாக் காட்டுத் தேவாங்குக்கும் அப்படித்தான். பால்மரத்தில் தாவிய குரங்குக்கும், அதே மரத்தைச் சீவிய தொழிலாளிக்கும் அந்த வசதி இல்லை.

காரணம், எட்டாவது குரோமோசோமில் கிடக்கும் ‘குலோ’ என்ற போலி மரபணு. வைட்டமின் சி தயாரிப்பின் கடைசிப் படிக்குரிய நொதியைத் தந்த மரபணு அது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடம் பழுதானது. பழமும் தழையும் தின்று வாழ்ந்த உயிருக்கு அதனால் கேடில்லை. எனவே இயற்கைத் தேர்வு பழுதைக் களையவில்லை. அதன்மேல் மேலும் பழுதுகள் சேர்ந்தன. 1994-ல் நிஷிகிமி தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் மனித உடலில் அதைத் தேடிப் பிடித்தபோது, சிதைந்த துண்டுகளே மிச்சமிருந்தன.

பெரும்பாலான போலி மரபணுக்கள் பிறந்த கதை வேறு. சில, மரபணு இரட்டித்தபோது உண்டான உபரிப் படிகள். மூலம் வேலை செய்வதால் படி கெட்டாலும் உடலுக்கு நட்டமில்லை. பல, ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதப்பட்டு எங்கோ செருகப்பட்டவை. இயக்கிவிடும் முன்பகுதி கூட வராததால் பிறவி ஊமைகள். மனித மரபுத்தொகுதியில் போலிகள் 10,000-க்கும் மேல். குலோவுக்கு மாற்றுப்படி கிடையாது. இருந்த ஒன்றும் போயிற்று. அதுதான் கொடுமை.

பழமும் தழையும் கிடைக்காத கடலில் அந்தப் பழுது உயிரைக் குடித்தது. 1498-ல் இந்தியாவிலிருந்து திரும்பிய வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையைத் தொட மூன்று மாதம் பிடித்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் மாலுமிகள் ஈறு வீங்கி ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரும் 1641-ல் பிடித்த டச்சுக்காரரும் இத்தகைய நெடும் பயணங்களால் ஆசியாவை எட்டியவர்களே. சோழமண்டலக் கரையிலிருந்து பருவக்காற்றில் வந்த தமிழ் வணிகருக்குக் கடல் சில வாரம்தான். ஸ்கர்வி தலைகாட்டவோ ஒன்றிரண்டு மாதமாகும்.

1896-ல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் நீராவிக் கப்பலில் சில நாளில் கரையிறங்கினார்கள். அரிசியிலும் கருவாட்டிலும் வைட்டமின் சி இல்லாத குறையை, லயத்துக் கொல்லையில் நட்ட முருங்கையும் பச்சை மிளகாயும் தீர்த்துவைத்தன.